டயல் 60-ல், தண்ணீர் 76-ல்: வெந்நீர்த் தொட்டி, பாய்லர் தெர்மோஸ்டாட் தேர்வும் கோளாறும்

#1 தொட்டி_300

செங்குத்தான 300 லிட்டர் தொட்டி, உள்விட்டம் 550 மி.மீ. ஹீட்டர் 6 கிலோவாட்: ஒரே ஃபிளாஞ்சில் 2 கிலோவாட் யூ வளைவு எலிமென்ட் மூன்று, ஸ்டார் இணைப்பு, 400 வோல்ட் மூன்று ஃபேஸ். 30–85 டிகிரி கேப்பிலரி தெர்மோஸ்டாட் ஒன்று (திரவம் நிறைந்த பல்ப் என்ற உணர்முனையும் மெல்லிய குழாயும் கொண்டது) கான்டாக்டரின் (ஹீட்டர் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்த ஸ்விட்ச்) காயிலை ஓட்டுகிறது. சூடு மீறினால் துண்டித்து, கையால் அழுத்தினால்தான் திரும்பச் சேரும் 90 டிகிரி மேனுவல் ரீசெட் கட்-அவுட் தனியாக இருக்கிறது, அதன் பல்ப் தொட்டியின் மேல்பக்கம்.

டயலை 60-ல் வைத்தால் வெளியேறும் குழாயில் 76 வருகிறது. புழக்கம் குறைவான நாட்களில் கட்-அவுட்டே விழுந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாற்றியாயிற்று, அதே கதைதான். டிஜிட்டல் கன்ட்ரோலருக்குப் போய்விடலாமா? பிஐடி வகை (செட் சூட்டை நெருங்க நெருங்க ஹீட்டர் ஆற்றலைக் குறைப்பது) வேண்டுமா, சாதா ஆன்-ஆஃப் போதுமா?

#2 மூன்றுஃபேஸ்

டிஜிட்டல் அப்புறம் பாக்கலாம். முதல்ல தெர்மோஸ்டாட் சொல்றதை கான்டாக்டர் கேக்குதான்னு பாருங்க.

தொட்டி சூடா இருக்கும்போது டயலை மெதுவா குறைச்சுட்டே வாங்க. ஒரு இடத்துல தெர்மோஸ்டாட்ல "க்ளிக்" கேக்கும், அடுத்த நொடி கான்டாக்டர் "டப்"னு விடணும். விட்ட பிறகு கிளாம்ப் மீட்டரை மூணு ஃபேஸ்லயும் ஒவ்வொண்ணா போடுங்க. மூணுலயும் பூஜ்யம் வரணும். ஓடும்போது ஃபேஸுக்கு 8.7 ஆம்பியர் வரும்.

ஒரே ஒரு ஃபேஸ் கான்டாக்ட் ஒட்டிக்கிட்டிருந்து, ஸ்டார் மையம் நியூட்ரலோட சேர்ந்திருந்தா 2 கிலோவாட் நிக்காம ஓடும். நியூட்ரல் சேரலேன்னா ஒரு ஃபேஸ் ஒட்டினாலும் கரன்ட் போக வழி இல்லை. ரெண்டு ஃபேஸ் ஒட்டினா ரெண்டு எலிமென்ட் சீரியல்ல 400 வோல்ட் வாங்கி சுமார் 3 கிலோவாட் ஓடும். வெளியில பாத்தா எல்லாம் நின்ன மாதிரியே இருக்கும், ஏமாந்துடாதீங்க.

#3 கேப்பிலரி

மேலே சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அதற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

300 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 300 × 4.186 = 1256 கிலோஜூல் வேண்டும். 6 கிலோவாட் ஹீட்டருக்கு அது 209 நொடி, ஏறக்குறைய மூன்றரை நிமிடம். மணிக்கு 17 டிகிரி. அதாவது 60-ல் நிற்க வேண்டியது 76 வரை போயிருக்கிறது என்றால், ஹீட்டர் கூடுதலாக ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஓடியிருக்க வேண்டும். எவ்வளவு மந்தமான தெர்மோஸ்டாட்டும் ஒரு மணி நேரம் தாமதிக்காது. பல்ப் சரியாகப் பொருந்தாமல் பத்து நிமிடம் பின்தங்கினாலும் மூன்று டிகிரிதான் தாண்டும்.

எனவே "சென்சார் மந்தம்" என்பதை ஒதுக்கிவிடலாம். மிஞ்சுவது இரண்டு: கான்டாக்டர் ஒட்டியிருக்கிறது, அல்லது பல்ப் இருக்கும் இடத்துத் தண்ணீர் உண்மையிலேயே 60-ஐ எட்டவில்லை. இரண்டாவதில்தான் என் சந்தேகம். தொட்டியின் அடியிலிருந்து ஹீட்டர் ஃபிளாஞ்சின் மையம் எத்தனை மி.மீ., பல்ப் செருகிய பாக்கெட் (தொட்டிக்குள் நீட்டிய அடைத்த குழாய்) எத்தனை மி.மீ., வேறு பாக்கெட் ஏதும் உண்டா? டேப் பிடித்து அளந்து சொல்லுங்கள்.

#4 தொட்டி_300

கான்டாக்டர் ஒழுங்காக விடுகிறது, மூன்று ஃபேஸிலும் பூஜ்யம்.

உயரங்கள்: தெர்மோஸ்டாட் பாக்கெட் 250 மி.மீ., ஹீட்டர் ஃபிளாஞ்ச் மையம் 450 மி.மீ., முள் வெப்பமானி செருகிய இன்னொரு பாக்கெட் 700 மி.மீ. கட்-அவுட் பாக்கெட் 1100 மி.மீ. அந்த முள் வெப்பமானி 74, 75 காட்டும்போதும் ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

#5 கேப்பிலரி

அகப்பட்டது. பல்ப் ஹீட்டருக்கு 200 மி.மீ. கீழே உட்கார்ந்திருக்கிறது.

சூடான தண்ணீர் மேலே போகும், கீழே இறங்காது. படுக்கைவாட்டில் செருகிய ஹீட்டர் தனக்கு மேலே உள்ள தண்ணீரைத்தான் சூடாக்கும். கீழே உள்ளது குளிர்ந்தே கிடக்கும், வெப்பக் கடத்தலால் கொஞ்சம் வெதுவெதுப்பாகலாம், அவ்வளவுதான். 550 மி.மீ. விட்டத்தில் 450 மி.மீ. உயரம் என்றால் 107 லிட்டர். அது ஹீட்டரின் ஆளுகைக்கு வெளியே. மீதி 193 லிட்டருக்குத்தான் 6 கிலோவாட்டும் போகிறது, ஆகவே அங்கே ஏற்றம் மணிக்கு 27 டிகிரி. தெர்மோஸ்டாட்டோ அந்த 107 லிட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "இன்னும் சூடாகவில்லை" என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. புதியதை மாற்றினாலும் அதுவும் அதையேதான் சொல்லும்.

புழக்கம் குறைந்த நாளில் கட்-அவுட் விழுவதும் இதனால்தான். அவ்வப்போது ஐந்து லிட்டர், பத்து லிட்டர் எடுக்கும்போது அதே அளவு குளிர்நீர் அடியில் நுழைந்து பல்பைக் குளிர்விக்கிறது. ஹீட்டர் ஓடுகிறது, சூடு முழுவதும் மேலே போய் அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்கிறது. நிறைய எடுத்தால் மேலே சேர்ந்த சூடு வெளியே போய்விடும். கொஞ்சமாக எடுத்தால் தங்கிவிடும். கேஸ் பர்னர் அடியில் இருக்கும் தொட்டிகளிலும் இதே குவிதல் உண்டு. அங்கே தெர்மோஸ்டாட் கீழ்ப்பகுதியில் இருக்கும், சின்னச் சின்னப் புழக்கத்தில் மேல்நீர் செட் பாயிண்டைத் தாண்டி ஏறும்.

செய்ய வேண்டியது: பல்பையும் முள் வெப்பமானியையும் இடம் மாற்றுங்கள். 700 மி.மீ. பாக்கெட் ஹீட்டருக்கு 250 மி.மீ. மேலே. சுமார் 60 லிட்டர் வெந்நீர் எடுத்த பிறகு குளிர்நீர் அந்த உயரத்துக்கு ஏறிவரும், அப்போது ஹீட்டர் ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் மேலே இன்னும் 130 லிட்டருக்கு மேல் சூடாக இருக்கும். போதுமான கையிருப்பு.

#6 மூன்றுஃபேஸ்

கேப்பிலரி சொன்னது சரி, ஒத்துக்கிறேன். ஆனா வேற ஒரு விஷயம் கண்ணை உறுத்துது. கட்-அவுட் எதைத் துண்டிக்குது? அதே கான்டாக்டரோட காயிலையா?

#7 தொட்டி_300

ஆமாம். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் சீரியலில், ஒரே காயில்.

#8 மூன்றுஃபேஸ்

அப்போ உங்ககிட்ட கட்-அவுட் இருக்கு, ஆனா பாதுகாப்பு இல்லை.

கான்டாக்டரோட மெயின் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கிச்சுன்னு வையுங்க. தெர்மோஸ்டாட் காயிலை விடுது, ஒண்ணும் நடக்காது. 90-ல கட்-அவுட் விழுது, அதுவும் ஏற்கெனவே விட்ட காயிலைத்தான் விடுது. ஹீட்டர் பாட்டுக்கு ஓடும். தொட்டிக்கும் வெடிப்புக்கும் நடுவுல ரிலீஃப் வால்வு ஒண்ணுதான் மிச்சம்.

ரெண்டு கான்டாக்டர் சீரியல்ல போடணும். ஒண்ணு தெர்மோஸ்டாட் ஓட்டுறது, தினமும் நூறு தடவை அடிக்கும். இன்னொண்ணு கட்-அவுட்டுக்கு மட்டும், எப்பவும் இழுத்தே இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை விட்டா அதிகம். அடிக்காத கான்டாக்ட் தேயாது, ஒட்டாது. ரெண்டாவதுக்கு 25 ஆம்பியர் ஏசி-1 போதும். எலிமென்ட் ரெசிஸ்டிவ் லோடுதான், அதனால ஏசி-1 எண்ணைப் பாருங்க, மோட்டருக்கான ஏசி-3 எண்ணை இல்லை.

இன்னொரு வழி: ஷன்ட் டிரிப் காயில் (மின்சாரம் கொடுத்தா பிரேக்கரை விழவைக்கிறது) உள்ள பிரேக்கர். கட்-அவுட்டோட மாற்று கான்டாக்ட்ல இருந்து அந்தக் காயிலுக்குக் கொடுத்தா மெயின் பிரேக்கரே விழும். ஆனா ஷன்ட் டிரிப் வயர் அறுந்தா விழாது. கான்டாக்டர் காயில் வயர் அறுந்தா தானா விட்டுடும். அதனால என் ஓட்டு கான்டாக்டருக்குத்தான்.

#9 தொட்டி_300

இரண்டாவது கான்டாக்டர் போட்டுவிடலாம். பல்ப் மாற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன? 700 பாக்கெட்டின் உட்துளை 15 மி.மீ., பல்ப் 6 மி.மீ. தடிமன்தான்.

#10 கேப்பிலரி

15-க்குள் 6 என்றால் சுற்றிலும் காற்று. தாமதம் வரும், இரண்டு மூன்று டிகிரி குறைவாகவும் காட்டும். செம்பு அல்லது பித்தளைத் தகட்டுச் சுருள் ஸ்பிரிங் விற்கிறார்கள், பல்பைப் பாக்கெட்டின் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். அதோடு வெப்பக் கடத்துப் பசை. கிரீஸ் வேண்டாம், சூட்டில் இளகி ஒழுகும்.

வேலை ஒழுங்கு:

1. மெயினை நிறுத்திப் பூட்டுங்கள். டெர்மினலில் டெஸ்டர் வைத்துக் கரன்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.
2. இரண்டு பாக்கெட்டும் உண்மையிலேயே அடைத்த குழாய்தானா பாருங்கள். சில முள் வெப்பமானிகள் பாக்கெட் இல்லாமல் நேரே தண்ணீருக்குள் திருகியிருக்கும். கழற்றினால் வெந்நீர் முகத்தில் அடிக்கும். சந்தேகம் இருந்தால் தொட்டியை ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கி, மட்டத்துக்குக் கீழே வடித்த பிறகு கழற்றுங்கள்.
3. பல்ப் முழு நீளமும் உள்ளே போக வேண்டும். பாதி வெளியே நின்றால் அந்தப் பாதி அறையின் சூட்டை அளக்கும்.
4. கேப்பிலரி குழாயை 20 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடக்காதீர்கள். மிச்ச நீளத்தைத் தளர்வான வளையமாகச் சுற்றிக் கட்டுங்கள்; கரன்ட் டெர்மினலைத் தொடாமல் இருக்கட்டும்.
5. வெளியே வரும் இடத்தில் கேப்பிலரி நழுவாமல் கிளிப் போடுங்கள்.

ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதிர்வில் பல்ப் மெல்ல நழுவி வெளியே வந்தால், தெர்மோஸ்டாட் அறைச் சூட்டைப் பார்த்துக்கொண்டு ஹீட்டரை நிறுத்தவே நிறுத்தாது.

கேப்பிலரி உடைந்தாலும் இதேதான். உள்ளே உள்ள திரவம் விரிந்து பெல்லோஸைத் தள்ளினால்தான் கான்டாக்ட் திறக்கும். திரவம் கசிந்துபோனால் தள்ள ஒன்றும் இல்லை. சாதாரண தெர்மோஸ்டாட் என்றென்றும் "குளிர்" என்றே சொல்லும். அதனால்தான் பாதுகாப்புக்கான கட்-அவுட்டை வேறு விதமாகச் செய்கிறார்கள்: திரவம் கசிந்தால் கான்டாக்ட் தானாகத் திறந்து பூட்டிக்கொள்ளும். ஐரோப்பியத் தரநிலை இஎன் 14597-ல் எஸ்டிபி என்று குறிக்கப்படும் வகை இது. வாங்கும்போது அந்தக் குறி இருக்கிறதா பாருங்கள். சாதா தெர்மோஸ்டாட்டையே 90-ல் திருப்பி வைத்து "கட்-அவுட்" என்று மாட்டியிருப்பதும் உண்டு. செல்லாது.

#11 பித்தளைத்தண்டு

டிஜிட்டல் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 300 லிட்டருக்கு பிஐடி உதவுமா? சென்சார் என்டிசியா (சூடு ஏற ரெசிஸ்டன்ஸ் குறைவது), பிடி100-ஆ (சூடு ஏற ரெசிஸ்டன்ஸ் கூடும் பிளாட்டினச் சென்சார்)?

#12 மூன்றுஃபேஸ்

சேமிப்புத் தொட்டிக்கு பிஐடி தேவையில்லை. மணிக்கு 17 டிகிரி ஏறுற சோம்பேறித் தொட்டி அது, ஆன்-ஆஃப் தாராளமா போதும். தொட்டி இல்லாம ஓடுற உடனடி ஹீட்டர், சின்ன கெட்டில், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வால்வு இதுக்கெல்லாம்தான் பிஐடி. தொட்டியில ரிலே அவுட்புட்டோட பிஐடி போட்டு, சைக்கிள் நேரத்தை 2 நொடியில விட்டா கான்டாக்டர் கொஞ்ச நாள்ல செத்துடும்.

ஆன்-ஆஃப்ல டிஃபரன்ஷியலை (நிக்கிற சூட்டுக்கும் திரும்ப எடுக்கிற சூட்டுக்கும் உள்ள இடைவெளி) 5 டிகிரி வையுங்க. 1 டிகிரி வெச்சா சில நிமிஷத்துலயே விட்டு, ஒரு டிகிரி குறைஞ்சதுமே கான்டாக்டர் மறுபடி அடிக்கும். துல்லியம் கூடுதுன்னு நினைச்சு கான்டாக்டரைத் தின்னுறது அது.

சென்சார் விஷயத்துல முக்கியமானது, அறுந்தா எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான்:

என்டிசி அறுந்தா ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாம ஏறும். கன்ட்ரோலருக்கு அது "பயங்கரக் குளிர்". பிழைச் செய்தி காட்டத் தெரியாத மலிவு கன்ட்ரோலர் ஹீட்டரை ஓட்டிட்டே இருக்கும். ஷார்ட் ஆனா "பயங்கரச் சூடு", நிறுத்திடும்.

பிடி100 நேரெதிர். அறுந்தா சூடுன்னு காட்டி நிறுத்தும். ஷார்ட் ஆனா குளிர்னு நினைச்சு ஓட்டும்.

அறுந்து போறதுதான் அதிகம் நடக்கும். அதனால ஹீட்டிங்குக்கு பிடி100, பிடி1000 நல்லது. எதை வாங்கினாலும் சென்சாரைக் கழட்டிப் பாருங்க, அப்புறம் ரெண்டு முனையையும் சேர்த்துப் பாருங்க. ரெண்டுலயும் ரிலே விடணும். விடலேன்னா கடைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.

#13 கேப்பிலரி

அதோடு இரண்டு எண்கள்.

என்டிசி 10கே என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 25 டிகிரியில் எல்லாமே 10,000 ஓம்தான். 60 டிகிரியில் பீட்டா (சூட்டோடு ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு வேகமாக மாறும் என்ற எண்) 3950 சென்சார் 2490 ஓம் காட்டும், பீட்டா 3435 சென்சார் 2980 ஓம் காட்டும். 3950-க்கான கன்ட்ரோலரில் 3435-ஐ மாட்டினால், உண்மையில் 60 இருக்கும்போது திரையில் 55 வரும். அறைச் சூட்டில் சோதித்தால் இரண்டும் ஒன்றுபோலவே காட்டும், தொட்டி மட்டும் ஐந்தாறு டிகிரி தாண்டும். சோதனையை எப்போதும் வேலை செய்யும் சூட்டில் செய்யுங்கள்.

பிடி100-ல் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாற்றம். 0.75 சதுர மி.மீ. வயரில் 10 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் வயரே 0.47 ஓம். இரண்டு வயர் இணைப்பில் அது 1.2 டிகிரிப் பிழை. கூடுதலாகக் காட்டும், தண்ணீர் குறைவாகச் சூடாகும். மூன்று வயர் இணைப்பு இதை ஈடுசெய்யும், மூன்றும் ஒரே நீளம், ஒரே தடிமன் என்றால். மூன்று வயர் சென்சாரை வாங்கிவிட்டு பாதி வழியில் இரண்டு வயர் கேபிளில் ஒட்டுப்போட்டால் பலன் போச்சு. பிடி1000 என்றால் அதே வயரில் பிழை பத்தில் ஒரு பங்கு.

#14 மூன்றுஃபேஸ்

கான்டாக்டருக்குப் பதிலா எஸ்.எஸ்.ஆர். (அசையும் கான்டாக்ட் இல்லாத மின்னணு ரிலே) போட நினைக்கறவங்களுக்கு: அது சத்தமில்லாம வேலை செய்யும், செத்தா பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது முழு ஹீட்டிங். ஒரு ஆம்பியருக்கு ஒண்ணு, ஒண்ணரை வாட் சூடு கிளப்பும். ஹீட் சிங்க் இல்லாம பெட்டிக்குள்ள மூடி வெக்காதீங்க. எஸ்.எஸ்.ஆர். இருந்தா மேலே கட்-அவுட் கான்டாக்டர் இல்லாம இருக்கவே கூடாது.

#15 கொதிகெண்டி

சின்ன கேள்வி. 25 லிட்டர் ஹீட்டர், 2 கிலோவாட், தண்டு வகைத் தெர்மோஸ்டாட். எட்டு நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது, குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ரீசெட் பொத்தானும் அடிக்கடி வெளியே வந்துவிடுகிறது. புதிய தெர்மோஸ்டாட் வரும்வரை கட்-அவுட்டைத் தாண்டி ஒரு வயர் போட்டு ஓட்டலாமா?

#16 நெறியாளர்

வயர் போடுவது பற்றி: கூடாது. எப்படிச் செய்வது என்று விளக்கும் பதிவுகள் நீக்கப்படும். மூடிய தொட்டியில் தண்ணீர் 100-ல் கொதிக்காது. 6 பார் கேஜ் அழுத்தத்தில் 165 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். தொட்டி கிழியும் நொடியில் அழுத்தம் போய்விடும், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி சட்டென்று நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் விரியும்.

#17 கேப்பிலரி

25 லிட்டரை 25-லிருந்து 60-க்கு ஏற்ற 3660 கிலோஜூல். 2 கிலோவாட்டில் அரை மணி நேரம். எட்டு நிமிடத்தில் நிற்கிறது என்றால் தெர்மோஸ்டாட் தண்ணீரை அளக்கவில்லை, எலிமென்ட்டை அளக்கிறது.

தண்டு வகையில் பித்தளைக் குழாய்க்குள் இன்வார் கம்பி இருக்கும். பித்தளை சூட்டில் நீளும், இன்வார் அநேகமாக நீளாது. அந்த வித்தியாசம்தான் ஸ்விட்சைத் தட்டுகிறது. இந்தத் தண்டின் உறையும் எலிமென்ட்டும் ஒரே ஃபிளாஞ்சில் அருகருகே இருக்கும். இரண்டுக்கும் நடுவே உப்புப் படிவு பாலம் கட்டிவிட்டால் எலிமென்ட்டின் சூடு நேரே உறைக்குப் போகும். இங்கே தெர்மோஸ்டாட்டை மாற்றினால் புதியதும் எட்டு நிமிடத்தில்தான் நிற்கும்.

நிறுத்தி, வடித்து, ஃபிளாஞ்சைக் கழற்றுங்கள். பெரிய கட்டிகளை மரக்குச்சியால் தட்டி உதிர்த்துவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் எலிமென்ட்டை ஊறப்போடுங்கள். நுரை அடங்கும்வரை. டெர்மினல் பக்கம் நனையக் கூடாது. மக்னீசியம் ஆனோடு இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள், அமிலம் அதைத் தின்னும். நடுக்கம்பி வெளியே தெரிந்தால் ஆனோடை மாற்றுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். தொட்டி நிறைந்து, வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்ச்.

கழற்றியபோதே மல்டிமீட்டர்: 230 வோல்ட் 2 கிலோவாட் எலிமென்ட் 26 ஓம் சுற்றி இருக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) எலிமென்ட்டுக்கும் உறைக்கும் இடையே ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் எலிமென்ட்டை மாற்றிவிடுங்கள்.

#18 மூன்றுஃபேஸ்

டெர்மினலையும் பாருங்க. ஸ்க்ரூ லூஸா இருந்தா அந்த இடமே சூடாகி, பக்கத்துல இருக்கிற கட்-அவுட்டைத் தட்டிவிடும். பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தா, வயர் நுனி கறுத்திருந்தா அதுதான் காரணம். கறுத்த நுனியை வெட்டிட்டு புது லக் போடுங்க.

இன்னொண்ணு: ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்து, தெர்மோஸ்டாட் நியூட்ரலைத் துண்டிக்குதுன்னா, எர்த்துக்குக் கசியுற எலிமென்ட் தெர்மோஸ்டாட் நின்ன பிறகும் எர்த் வழியா ஓடும். கட்-அவுட் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் துண்டிக்கிற வகையா இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். கசிவுக்கு ஆர்.சி.டி. (எர்த் கசிவு வந்ததும் துண்டிக்கிற ஸ்விட்ச்) வேணும்.

#19 கொதிகெண்டி

எலிமென்ட்டுக்கும் தண்டு உறைக்கும் நடுவே விரல் தடிமனுக்கு வெள்ளைக் கட்டி. 26.8 ஓம், மெக்கர் நன்றாகவே இருக்கிறது. படிவு சேராமலிருக்க டயலை 45-ல் வைத்துவிட்டால் என்ன?

#20 கேப்பிலரி

60-க்கு மேலே போகப் போகப் படிவு வேகமாகும், அது உண்மை. ஆனால் 45 என்பது லெஜியோனெல்லாக் கிருமிக்கு இதமான சூடு. 20 முதல் 45 வரை அது பெருகும், 60-ல் சாகும். சேமிப்புத் தொட்டியை 60-ல் வைத்து, வெளியேறும் இடத்தில் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு போட்டுக் குழாய்க்கு 40 சொச்சமாகக் கொடுப்பதுதான் முறை. 60 டிகிரித் தண்ணீர் நேரே தோலில் பட்டால் ஐந்து நொடியில் ஆழமான தீப்புண். குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம்.

மிக்ஸிங் வால்வைச் சோதிக்க: குளிர்நீரை அடையுங்கள். வெந்நீரும் சில நொடியில் அநேகமாக நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுடச்சுட வந்தால் வால்வு போய்விட்டது.

தொட்டி_300-க்கும் இது பொருந்தும். ஹீட்டருக்குக் கீழே உள்ள அந்த 107 லிட்டர் வெதுவெதுப்பாகக் கிடப்பது நல்லதல்ல. மேலிருந்து எடுத்து அடியில் விடும் சின்னச் சுழற்சிப் பம்பு ஒன்றை, ஆட்கள் வெந்நீர் எடுக்காத நேரத்தில் ஓட்டுங்கள். மேலே 60, கீழே 25 என்றால் கலந்தவுடன் 47 சொச்சம். 60-க்குத் திரும்ப முக்கால் மணி நேரம், அதன்பின் ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வையுங்கள்.

#21 பர்னர்

பாய்லரோடு இணைந்த காயில் தொட்டிக்காரர்களுக்கும் (பாய்லர் நீர் ஓடும் சுருள்குழாய் உள்ளே இருக்கும் தொட்டி) ஒரு வார்த்தை. பாய்லர் வெளியேற்றம் 65, தொட்டி செட் 60 என்று வைத்துவிட்டு "தொட்டி 60-ஐ எட்டவே மாட்டேன் என்கிறது, பாய்லர் நிமிடத்துக்கு ஒரு தரம் அணைந்து எரிகிறது" என்று புகார் வரும். தொட்டி 57-க்கு வந்ததும் காயிலுக்கும் தண்ணீருக்கும் இடையே எட்டு டிகிரிதான் வித்தியாசம். காயில் சூட்டை வாங்காது, பாய்லருக்குச் சூடு போக இடமில்லை. தொட்டியைவிட பாய்லர் 15, 20 டிகிரி மேலே இருக்கட்டும்: 60-க்கு 75, 80. தொட்டி சென்சாரை அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், காயில் இருக்கும் பகுதியிலேயே வையுங்கள்.

கண்டென்சிங் அல்லாத (புகையின் நீராவியைக் குளிர்வித்துச் சூட்டை மீட்காத) பாய்லர் என்றால் திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே நீண்ட நேரம் இருக்க விடாதீர்கள். இயற்கை எரிவாயுப் புகையின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) அந்தச் சுற்றில்தான். உள்ளே அமில ஈரம் படிந்து இரும்பு அரிக்கும். கண்டென்சிங் வகைக்கு நேர்மாறு, திரும்பும் தண்ணீர் குறையக் குறைய லாபம்.

பர்னர் நின்ற பிறகு ஹை லிமிட் விழுகிறதா? தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லாதீர்கள். வார்ப்பிரும்புக் கட்டியில் தேங்கிய சூடு, பம்பும் கூடவே நின்றதால் உள்ளே கொதிக்கிறது. பம்பை மூன்று முதல் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடவிடும் டைமர் வேண்டும்.

#22 பித்தளைத்தண்டு

நீராவி பாய்லருக்கும் இதே தெர்மோஸ்டாட் செல்லுமா?

#23 பர்னர்

செல்லாது. நிறைநீராவியில் அழுத்தமும் சூடும் பிணைந்தவை: 1 பார் கேஜ் என்றால் 120 டிகிரி, 7 என்றால் 170. அதனால் பிரஷர் ஸ்விட்ச்தான் ஆளுகிறது. அதற்குப் போகும் குழாயில் பன்றி வால் போல ஒரு சுருள் இருக்கும், அதில் நிற்கும் தண்ணீர்தான் நீராவியின் சூட்டிலிருந்து ஸ்விட்சைக் காக்கிறது. சேறு அந்தச் சுருளை அடைத்தால் ஸ்விட்சுக்கு அழுத்தம் தெரியாது, பர்னர் நிற்காது, சேஃப்டி வால்வு ஊதும். ஆகவே மேனுவல் ரீசெட் ஹை லிமிட் ஸ்விட்சுக்குத் தனிக் குழாய், தனிச் சுருள். ஒரே சுருளில் டீ போட்டு இரண்டையும் மாட்டியிருந்தால், அடைப்பு வரும் நாளில் இரண்டும் சேர்ந்தே குருடாகும். மேலே மூன்றுஃபேஸ் சொன்ன ஒரே கான்டாக்டர் கதைதான் இது, குழாய் வடிவில்.

#24 தொட்டி_300

பல்ப் 700-க்கும் முள் வெப்பமானி 250-க்கும் போயிற்று, ஸ்பிரிங்கும் பசையும் வைத்து. இரண்டாவது கான்டாக்டரும் போட்டாயிற்று. டயல் 60-ல் ஹீட்டர் 61-ல் நிற்கிறது, 55-ல் எடுக்கிறது. வெளியேறும் குழாயில் 63. இரண்டு லிட்டர் வடித்துவிட்டு, பாத்திரத்தில் பிடித்து அளந்தது.

ஆனால் ரிலீஃப் வால்வு ஒவ்வொரு முறை சூடாகும்போதும் சொட்டுகிறது. அதுவும் சூட்டுக் கோளாறா?

#25 கேப்பிலரி

இல்லை. 300 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 60-க்கு ஏறும்போது 4 லிட்டர் விரிகிறது. உள்ளே வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அதற்குப் போக இடமில்லை, ரிலீஃப் வழியாகத்தான் வரும். எக்ஸ்பான்ஷன் வெசல் (விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் காற்றழுத்தக் கலம்) இருந்தால் அதன் காற்றழுத்தத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்று போடுங்கள். சொட்டுவதை நிறுத்த ரிலீஃபின் வாயை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

முள் வெப்பமானி இப்போது கீழ்த் தண்ணீரைக் காட்டும், 30 சொச்சம். பம்பு ஓடும் நாளில் அடிவரை சூடு போயிற்றா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், நல்லதுதான். ஆனால் விவரம் தெரியாத யாராவது அந்த 30-ஐப் பார்த்துவிட்டு டயலை 80-க்குத் திருகுவார்கள். வெப்பமானிக்குப் பக்கத்தில் "இது தொட்டியின் அடி" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.